உருக்கிவிட்டால் முகம் போய்விடும்: வாளியில் சேர்ந்த கலப்பு ஈயத்தை என்ன செய்வது?

தூண்டில் குண்டுக்காக ஈயம் சேர்க்கத் தொடங்கியவர் வீட்டில் கடைசியில் ஒரு பெயிண்ட் வாளி நின்றுவிடும். டயர் கடையில் கேட்டு வாங்கிய, சக்கரத்தில் மாட்டும் பேலன்சிங் ஈயம், கிழிந்த வீச்சு வலையிலிருந்து கழற்றிய மணிகள், இடித்த கட்டடத்திலிருந்து வந்த தகட்டுச் சுருள், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத குழாய்த் துண்டு, பினாங்கின் பத்து மாவுங் கடற்கரைப் பக்கம் பாறை இடுக்கில் பொறுக்கிய குண்டுகள். பாதி நிறைந்த ஐந்து லிட்டர் வாளியே பன்னிரண்டு, பதினைந்து கிலோ வரும்.

இதைப் பார்த்தவுடன் எல்லாருக்கும் தோன்றும் யோசனை ஒன்றுதான்: ஒரே சட்டியில் போட்டு உருக்கி, அழகாகப் பாளம் பாளமாக ஊற்றி அடுக்கிவிடலாம். பல சமயம் அதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. தகடாக இருக்கும் வரை அது மெத்தென்ற ஈயம் என்று யார் பார்த்தாலும் தெரியும். பேலன்சிங் ஈயம் கொக்கியோடு இருக்கும் வரை அது கெட்டிக் கலவை என்று தெரியும். இரண்டையும் சேர்த்து உருக்கிய பாளத்துக்கு முகம் கிடையாது. வாங்குகிறவன் மிக மட்டமானதாக நினைத்துத்தான் விலை சொல்வான். உங்களுக்கே அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தெரியாது.

இருக்கும் வழிகள் நான்கு. பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிட்டுத் தரம் தெரிந்த ஈயம் வாங்கிக்கொள்வது, வீட்டிலேயே உருக்குவது, உருக்காமல் அப்படியே பயன்படுத்துவது, ஈயமே இல்லாமல் வேலையை முடிப்பது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன்னால் வாளியைக் கொட்டிப் பிரிக்க வேண்டும்.

எந்த ஈயம்?

நம் பேச்சிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது, ஈயச் சொம்பில் ரசம் வைப்பது எல்லாம் வெள்ளீயம். வாளியில் இருப்பது காரீயம். மலாயிலும் இதே கதைதான்: தீமா என்றால் வெள்ளீயம், தீமா ஹீத்தாம் என்றால் காரீயம். இரண்டு மொழியும் இதைக் கறுப்பு ஈயம் என்றே சொல்கின்றன. குழப்பத்துக்கு விலையும் உண்டு. உலகச் சந்தையில் வெள்ளீயம் காரீயத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் விற்கிறது. கோலாலம்பூரில் 1885-இலிருந்து ராயல் சிலாங்கூர் செய்துவரும் பியூட்டர் ஜாடி, கோப்பை எல்லாம் பெரும்பாலும் வெள்ளீயம்தான். நசுங்கிய பியூட்டர் கோப்பையை ஈயச் சட்டியில் போடுவது காசைக் கொட்டுவது. மறுபக்கம், வாளியிலிருந்து உருக்கிய எதுவும் சமையல் பாத்திரத்தின் பக்கமே போகக் கூடாது. இனி இந்தக் கட்டுரையில் ஈயம் என்றால் காரீயம்.

பிரிப்பது

முதலில் காந்தம். இப்போது டயர் கடையிலிருந்து வருவதில் இரும்பு எடைகள் நிறைய. அவை ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். அடுத்து எழுத்து: எடைக்கட்டியில் ‘பி பி’ என்று பொறித்திருந்தால் ஈயம், ‘இசட் என்’ என்றால் துத்தநாகம், ‘எஃப் இ’ என்றால் இரும்பு. ஐரோப்பாவில் 2005-க்குப் பிறகு புதிய கார்களில் ஈய எடைக்குத் தடை வந்ததால் துத்தநாகமும் இரும்பும் பெருகிவிட்டன. எழுத்து இல்லாததைக் கட்டிங் பிளையரால் கடித்துப் பாருங்கள். ஈயத்தில் வாய் இறங்கும். துத்தநாகத்தில் வழுக்கும், சிறு தடம்தான் விழும். சிமெண்டுத் தரையில் போட்டால் ஈயம் ‘தொப்’ என்று விழும், துத்தநாகம் கணீரென்று ஒலிக்கும். இன்னும் சந்தேகம் என்றால் சுரண்டிய இடத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு: துத்தநாகம் நுரைத்துப் பொங்கும், ஈயம் சும்மா இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

பேலன்சிங் ஈயத்திலேயே இரண்டு சாதி. கொக்கி வைத்த வகையில் சில சதவீதம் ஆண்டிமனி என்ற கெட்டியாக்கும் உலோகம் கலந்திருக்கும். பசையால் ஒட்டும் பட்டை வகை ஏறக்குறைய சுத்த ஈயம், நகத்தால் கீறினால் கோடு விழும். இவற்றைச் சேர்க்காதீர்கள்.

அடர்த்திச் சோதனையைப் பற்றிப் பலரும் பெரிதாகப் பேசுவார்கள். செய்வது சுலபம். ஒரு டிஜிட்டல் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். துண்டை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் துண்டின் கன அளவு. துண்டின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. 1,134 கிராம் துண்டு 100 காட்டினால் 11.34, அதாவது சுத்த ஈயம். ஒரு கிராம் துல்லியம் உள்ள தராசில் சின்னத் துண்டை அளந்து பயனில்லை: 340 கிராம் துண்டுக்கு 30 என்று காட்டும், ஆனால் அது 29.5-ஆகவும் இருக்கலாம், 30.5-ஆகவும் இருக்கலாம். விடை 11.15 முதல் 11.53 வரை எங்கு வேண்டுமானாலும் போகும்.

பெரிய துண்டை நல்ல தராசில் அளந்தாலும் ஒரு எல்லை உண்டு. மூன்று சதவீதம் ஆண்டிமனி கலந்த ஈயம் கணக்குப்படி 11.11 வரும். நான்கு சதவீதம் துத்தநாகம் கலந்தது 11.08. அந்த இடைவெளியை வீட்டுத் தராசு பிடிக்காது. ஆகவே எண் 11.3-க்கு மேல் வந்தால் ‘இது சுத்தம்’ என்று நம்பலாம். குறைந்து வந்தால் ‘ஏதோ கலந்திருக்கிறது’ என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. 9-க்குக் கீழே போனால் பற்றவைக்கும் ஈயமாக இருக்க வாய்ப்பு அதிகம்: வெள்ளீயமும் காரீயமும் சரிபாதி கலந்த பற்று 8.87 வரும். அதைத் தனியே எடுத்து வையுங்கள், வெள்ளீயம் இருப்பதால் மதிப்பு கூட.

பிரிக்கும்போதே ஒதுக்க வேண்டியவை மூன்று. கார் பேட்டரி, அதன் தட்டுகள், பொடி எதுவும் வேண்டாம். அமிலமும் ஈய சல்பேட்டும் ஒருபுறம் இருக்கட்டும். இன்றைய பேட்டரித் தட்டில் கால்சியம் இருக்கும், சிலவற்றில் ஆண்டிமனியும் ஆர்சனிக்கும் இருக்கும். அவை உருகிக் கசடாகி, அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற கொடிய வாயுக்கள் வரக்கூடும். மலேசியாவில் பழைய ஈய பேட்டரி 2005-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி எஸ்டபிள்யூ 102 என்ற வகைப்பட்ட அட்டவணைக் கழிவு, அதாவது குப்பையோடு போடக் கூடாத ஆபத்துக் கழிவு. முழுசாகவே கடையில் கொடுத்தால் காசும் கிடைக்கும், தொல்லையும் இல்லை. இரண்டாவது, மூவிதழ்க் கதிரியக்கச் சின்னம் உள்ள ஈயப் பெட்டியோ குடுவையோ: தொடாமல் தகவல் சொல்ல வேண்டிய பொருள். மூன்றாவது, பழைய டெலிபோன் கேபிளின் ஈய உறை. ஈயம் நல்லதுதான். ஆனால் கேபிள் திருட்டு நம் நாட்டில் பெரிய பிரச்சினை. எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத உறையை ஒழுங்கான கடைக்காரர் வாங்கமாட்டார். அதை உருக்கிப் பாளமாக்கிக் கொண்டுபோனால் சந்தேகம் கூடும், குறையாது.

கடையில் கொடுத்து மாற்றிக்கொள்வது

பழைய இரும்பு வியாபாரம் நம்மவர்களுக்கு நன்றாகப் பழகிய தொழில். பிறையிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ தமிழில் பேசியே விலை கேட்கலாம். கேட்கும் விதம்தான் முக்கியம். ‘அண்ணே, ஈயம் என்ன விலை?’ என்று பொதுவாகக் கேட்டால் கலப்பு விலைதான் வரும். மெத்தென்ற தகடு என்ன விலை, கொக்கி ஈயம் என்ன விலை, கலந்தது என்ன விலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். பிரித்த பைகளோடு போனால் தகட்டுக்குத் தகட்டு விலை கேட்க வாய் வரும். கொக்கி ஈயத்தில் கொக்கியும் அழுக்குமே எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகும் என்பதால் அவர் குறைத்துத்தான் சொல்வார். அது நியாயம்தான்.

பெரிய கடைகளில் கையில் பிடிக்கும் எக்ஸ்ரே சோதனைக் கருவி இருக்கும். சில விநாடியில் எத்தனை சதவீதம் ஆண்டிமனி, எத்தனை வெள்ளீயம் என்று காட்டிவிடும். வீட்டுச் சோதனை எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. ஆனால் அது மேற்பரப்பை மட்டும் படிக்கும். பெயிண்ட்டோ வெள்ளைப் படிவோ இருந்தால் பொய் சொல்லும். கத்தியால் சுரண்டிய பளபளப்பான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

குறை என்னவென்றால், சில்லறையாக ஐந்து கிலோ தரம் தெரிந்த ஈயம் தரக் கடைக்காரருக்கு ஆர்வம் இருக்காது. விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் இடைவெளியும் உண்டு. வலை மணிக்கும் தூண்டில் குண்டுக்கும் அந்த இடைவெளியைக் கொடுத்துவிடுவதே லாபம் என்பது எங்கள் கணக்கு. மாடி வீட்டிலும் காண்டோவிலும் இருப்பவர்களுக்கு வேறு வழியும் கிடையாது. பால்கனியில் உருக்குவது பேச்சுக்கே இடமில்லை.

வீட்டில் உருக்குவது

இது சரியாக வரும் சூழ்நிலை குறுகியது. தரை வீடு, பின்னால் திறந்த இடம், வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சின்னக் குழந்தையும் கர்ப்பிணியும் இல்லை, பிரித்த குவியல் ஒன்றாவது பத்து கிலோவுக்கு மேல் இருக்கிறது. தாமான் வரிசை வீட்டின் பின்சந்து திறந்த இடமாகத் தோன்றும், ஆனால் பத்தடியில் அடுத்த வீட்டுக் கொடியில் துணி காயும். ஈயத்தின் ஆபத்து புகையைவிடத் தூளில் அதிகம். 400 டிகிரிக்குக் கீழே ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. மேலே வாரும் சாம்பல் நிறக் கசடு உலர்ந்து பறக்கும்போதுதான் கை, சட்டை, கறிவேப்பிலைத் தொட்டி, பிறகு வாய் என்று போய்ச் சேரும். குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

கேஸ் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். பத்து கிலோ ஈயத்தை 30 டிகிரியிலிருந்து 375 வரை கொண்டுபோய் உருக்க ஏறத்தாழ 675 கிலோஜூல் போதும். அடுப்புச் சூட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் சட்டிக்குப் போகிறது என்று வைத்தாலும் நூறு கிராம் கேஸ் ஆகாது. செலவெல்லாம் பாதுகாப்புச் சாமானில்தான்: நுண்தூளைத் தடுக்கும் பி100 வடிகட்டி வைத்த அரைமுகக் கவசம் (மருத்துவ முகமூடி இதற்கு உதவாது), முகத்தை முழுக்க மறைக்கும் கவசம், தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய காலணி. சிலிப்பரோடு நிற்பவர் அந்த இடத்திலேயே நிற்கக் கூடாது.

சட்டி வார்ப்பிரும்போ கனமான எஃகோ ஆக வேண்டும். பத்து கிலோ ஈயம் 880 மில்லிதான், இரண்டு லிட்டர் சட்டி தாராளம். அலுமினியச் சட்டி சூட்டில் தளர்ந்து அடி விட்டுவிடும். துத்தநாகம் பூசிய வாளி, தகடு எதுவும் வேண்டாம். பாளத்துக்குப் பூச்சில்லாத எஃகு மஃபின் தட்டு நன்றாக வரும். 90 மில்லி பிடிக்கும் குழி ஒரு கிலோ எடுக்கும். வெள்ளீயம் பூசிய பளபளப்புத் தட்டில் ஈயம் பற்றிக்கொள்ளும், கழன்று வராது. ஒட்டாத பூச்சு உள்ளது இந்தச் சூட்டில் நச்சுப் புகை விடும். அடுப்பு உயரம் குறைந்ததாக, அசையாததாக இருக்கட்டும். அடியில் வெறும் சிமெண்டுத் தரை வேண்டாம். சிமெண்டுக்குள் ஈரம் உண்டு, சிந்தினால் வெடித்துத் தெறிக்கும். எஃகுத் தகட்டின் மேல் உலர்ந்த மணல் பரப்புங்கள்.

பினாங்கில் இந்த வேலைக்கு முதல் எதிரி ஈரம். தண்ணீர் நீராவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிகிறது. உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டு போதும், சட்டி முழுவதும் மேலே எழும்பிவிடும். ஆகவே பழைய ஈயம் எல்லாம் ஆறிய சட்டியில்தான் போட வேண்டும், பிறகுதான் தீ. உருகிய ஈயத்தில் புதுத் துண்டு சேர்க்கக் கூடாது. வெயிலில் காய்ந்த துண்டிலும் நம் ஊர்க் காற்றின் ஈரம் படிந்திருக்கும். கடலிலிருந்து எடுத்த குண்டு, வலை மணிகளின் துளையில் உப்பும் சிப்பியும் அடைத்திருக்கும், அதற்குள் தண்ணீர் நிற்கும். கழுவி, துளையைக் குத்தித் திறந்து, காயவைத்து, அப்புறமும் ஆறிய சட்டியிலேயே போடுங்கள். இரண்டு முனையும் நசுங்கிய குழாய்த் துண்டை வெட்டித் திறக்காமல் போடாதீர்கள். அச்சையும் கரண்டியையும் அடுப்போரம் வைத்து நன்றாகச் சூடேற்றிக்கொள்ளுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரையான மழை மாதங்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மற்ற நாளிலும் பிற்பகல் மழைக்கு முன்னால், காலையில் முடித்துவிடுங்கள். திறந்த இடம் வேண்டும், ஆனால் தலைக்கு மேல் ஒரு துளியும் விழக் கூடாது.

சட்டியில் முன்பு உறைந்துபோன ஈயம் இருந்தால் இன்னொரு ஆபத்து. அடி முதலில் உருகும், உருகும்போது விரியும், மேலே ஓடு கெட்டியாக இருப்பதால் ஓட்டைத் துளைத்துக்கொண்டு பீய்ச்சும். தீயை மெல்ல ஏற்றுங்கள். வேலை முடியும்போது சட்டியில் மிச்சம் வைக்காமல் ஊற்றிவிடுவது இன்னும் நல்லது.

சூட்டை அளக்க நீண்ட கம்பி உள்ள கே வகை வெப்பமானி வாங்குங்கள். தூரத்திலிருந்து சுடும் அகச்சிவப்புத் துப்பாக்கி, பளபளக்கும் ஈயத்தில் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அதை நம்பித் தீயைக் கூட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 419-இல். இடையில் உள்ள தொண்ணூறு டிகிரிதான் உங்களைக் காப்பாற்றுவது. 360 முதல் 380-க்குள் நிறுத்தினால் கண்ணுக்குத் தப்பிய துத்தநாகக் கட்டி உருகாமல் மிதக்கும். மிதந்ததும் கொக்கிகளோடு சேர்த்துத் துளைக் கரண்டியால் வாரி எடுத்துவிடுங்கள். வெகுநேரம் விட்டால் அந்தச் சூட்டிலேயே கொஞ்சம் கரையத் தொடங்கும். கரைந்துவிட்டால் சட்டி ரவைக் கஞ்சி மாதிரி திரிதிரியாகும், எவ்வளவு கிளறினாலும் தெளியாது, அச்சின் மூலைக்கு ஓடாது, பாளத்தின் மேல் முகம் அம்மைத் தழும்புபோல் குழி விழும். அந்தச் சட்டியைச் சரிசெய்ய முயலாமல் ‘துத்தநாகம் கலந்தது’ என்று எழுதித் தனியே வையுங்கள்.

சரியாக உருகியதும் ஒரு பிடி உலர்ந்த மரத்தூளைத் தூவி, அது கருகியபின் அடிவரை கிளறுங்கள். கரி, மேலே மிதக்கும் ஈய ஆக்சைடைத் திரும்ப ஈயமாக்கும், கசடு பொடியாகப் பிரியும். மெழுகும் இதைச் செய்யும், ஆனால் குப்பென்று தீப்பிடிக்கும். கசடை மெதுவாக வாரி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள், தட்டாதீர்கள். சட்டியைத் தூக்கி ஊற்றாமல் கரண்டியால் மொண்டு ஊற்றுங்கள்.

பாளம் ஆறும்போது கொஞ்சம் பேசும். கசடு வாரிய பரப்பில் தங்கமும் நீலமும் ஊதாவுமாக நிறம் ஓடினால் ஏறக்குறைய சுத்த ஈயம். கண்ணாடிபோல் வெள்ளியாகவே நின்றால் வெள்ளீயம் கலந்திருக்கிறது. மேலே பனிபூத்தாற்போல் சொரசொரப்பானால் ஆண்டிமனி இருக்கலாம், அச்சு அதிகச் சூடாக இருந்தாலும் அப்படித் தெரியும். இவை துப்புதான், சான்று இல்லை.

முடிந்தபின் இடத்தைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். உடையை வீட்டுத் துணியோடு துவைக்க வேண்டாம். கசடு டப்பாவும் எஸ்டபிள்யூ 104 என்ற அட்டவணைக் கழிவு வகைக்குள் வருவது. குப்பைத் தொட்டிக்கு உரியது அல்ல. பழைய பேட்டரி எடுக்கும் உரிமம் உள்ள இடத்தில் பேசி, அதை யார் எடுப்பார்கள் என்பதை அடுப்புப் பற்றவைக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். விடை கிடைக்கவில்லை என்றால் அடுப்பும் வேண்டாம்.

உருக்காமலே, அல்லது ஈயமே இல்லாமல்

மெத்தென்ற தகடு கையில் இருந்தால் உருக்க என்ன இருக்கிறது? கத்தரியால் பட்டையாக வெட்டி, எஃகுக் கம்பி வளையத்தைச் சுற்றி இறுகச் சுருட்டி, சுத்தியால் தட்டினால் தூண்டில் குண்டு தயார். 2 மில்லிமீட்டர் தகட்டில் 100 கிராம் குண்டுக்கு ஏறத்தாழ 44 சதுர சென்டிமீட்டர், அதாவது 4-க்கு 11 துண்டு. வலை மணிக்கும் இதுதான் சரி. கயிற்றின் மேல் மடித்து நசுக்கும் மணிக்கு மெத்தென்ற ஈயமே வேண்டும், கொக்கி ஈயத்தில் செய்தால் மடிப்பில் வெடிக்கும். கையுறையும் கைகழுவலும் இங்கும் உண்டு, ஆனால் கசடும் தீயும் இல்லை.

பாறைக் கரையில் போடுகிறவர் நாலு குண்டில் இரண்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். அங்கே ஈயம் போடுவதில் பொருளே இல்லை. துருப்பிடித்த நட்டு, பழைய ஸ்பார்க் பிளக், கம்பித் துண்டு போதும். 100 கிராம் ஈயம் 8.8 கன சென்டிமீட்டர், இரும்பு 12.7. கொஞ்சம் பருமன் கூடும், நீரோட்டத்தில் கொஞ்சம் இழுக்கும். ஓட்டம் பலமான இடத்தில், ஆழத்தில் நிற்க வேண்டும் என்றால்தான் ஈயத்துக்கு வேலை.

ஆக அந்தப் பன்னிரண்டு கிலோ வாளியை எங்களிடம் கொடுத்தால்: தகடும் பட்டை ஈயமும் வெட்டிப் பயன்படுத்த வீட்டில் நிற்கும். கொக்கி ஈயமும் தெரியாத குழாயும் பற்று ஈயமும் தனித்தனிப் பையில் கடைக்குப் போகும். இருபது, முப்பது கிலோ ஒரே வகை சேர்ந்து, இடமும் ஆளும் இருந்தால் மட்டும் உருக்குவோம். அப்போதும் ஒரு வகைக்கு ஒரு சட்டி. பாளம் ஆறியவுடன் எழுத்துப் பொறிக்கும் உளியால் அடையாளம்: ‘த’ என்றால் தகடு, ‘கொ’ என்றால் கொக்கி, பக்கத்தில் ஊற்றிய மாதம். மார்க்கர் பேனா வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் அழிந்துவிடும்.